முகத்துக்கு முன்னால் நின்ற கை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வாலாஜாபாத்திலிருந்து நான் வந்த பஸ் ஒரகடம் தாண்டியதும் நின்றுவிட்டது. கண்ணுக்கு எட்டிய வரை கன்டெய்னர் லாரிகள். ஞாயிற்றுக்கிழமையிலுமா என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. கராத்தே வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "எவனாவது குறுக்க போய் வுழுந்திருப்பான். ஒரு ஆளால ஊருக்கே கஷ்டம்" என்று கண்டக்டரிடம் வாய்விட்டே சொன்னேன். அவரும் தலையாட்டினார். அப்போதுதான் போன் அடித்தது. எங்கள் வகுப்பு மாணவி கலைவாணி. "மாஸ்டர், அக்காவ லாரி அடிச்சிடுச்சு மாஸ்டர். எங்க இருக்கீங்க?" என்றாள். எந்த இடம் என்று கேட்டேன். அவள் சொன்ன இடம் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் நடந்து போகும் தூரத்தில் இருந்தது.

நான் திட்டிய அந்த ஒரு ஆள் சகாயமேரி. இறங்கி லாரிகளுக்கு நடுவே ஓடினேன். அங்கே பார்த்ததைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அவளுக்காக நான் முதலில் சொன்ன வார்த்தை எதுவென்று இதைப் படிக்கும் நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதெல்லாம் எங்கே வண்டி நின்றாலும் இறங்கிப் போய் முன்னால் பார்க்கத் தோன்றுகிறது. போய்ப் பார்த்துமிருக்கிறேன். ஒரு தடவை மாடு படுத்திருந்தது. ஒரு தடவை ஒன்றுமே இல்லை, சிக்னல்.

மேரியை உங்களில் பலருக்குக் கார்களுக்கு ஒயர் பின்னும் ஹார்னஸ் கம்பெனியில் லைன் லீடராகத் தெரியும். சிலருக்கு மாதா கோவிலில் முதல் பூசையில் பாட்டுப் பாடுகிறவளாகத் தெரியும். எனக்கு அவள் கராத்தே மாஸ்டர். வயதில் நான் மூத்தவன், பெல்ட்டில் அவள் மூத்தவள். வகுப்பில் அவளை மாஸ்டர் என்பேன், வெளியே வந்தால் மேரி. நானும் கூட நின்று சொல்லிக் கொடுத்ததால் பிள்ளைகளுக்கு நான் மாஸ்டர், அவள் அக்கா. இங்கே மரியாதைக்கு 'அவர்' என்று எழுதினால் "இன்னாண்ணா, ஆள மாத்திட்டியா?" என்று கேட்டுச் சிரிப்பாள். அதனால் எப்போதும் போலவே எழுதுகிறேன்.

வகுப்பைத் தொடர்ந்து நடத்தச் சொல்லி நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்கிறார்கள், ஹாஸ்டல் பெண்கள் கேட்கிறார்கள். நான் பதில் சொல்லாமல் தட்டிக்கழித்து வந்தேன். அவள் சொல்லிக் கொடுத்தது பிள்ளைகளிடம் நிலைத்ததா, அவளோடு போய்விட்டதா என்று எனக்கே தெரியாமல் இருந்தது. தெரியாததை எந்த முகத்தோடு இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது?

கம்பெனிகளுக்கு வேன் விடுகிற ஒருவரின் தகர ஷெட்டில்தான் எங்கள் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் உண்டு என்பதால் காலையில் வண்டிகள் எல்லாம் வெளியே போய்விடும், ஷெட் காலியாக இருக்கும். தரையில் ஆயில் கறை. வெள்ளை டிரஸ்ஸோடு கீழே விழுந்து எழுந்தால் அது வெள்ளையாக இருக்காது. அங்கே மேரி சொல்லிக் கொடுத்த முக்கியமான பயிற்சி ஒன்றுதான். இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் முழு வேகத்தோடு முகத்தைப் பார்த்துக் குத்த வேண்டும். கை மூக்குக்கு முன்னால் நின்றுவிட வேண்டும். எதிரே நிற்பவர் கண்ணை மூடக் கூடாது. குத்து சரியா என்று தீர்ப்புச் சொல்வது மாஸ்டர் இல்லை, எதிரே நிற்கிறவர்தான். "காத்து வந்துச்சா?" என்று மேரி கேட்பாள். கை படாமல் அதன் காற்று மட்டும் முகத்தில் பட்டிருந்தால் "வந்துச்சுக்கா" என்பார்கள். மெதுவாகக் குத்தினால் காற்று வராது. நிறுத்தத் தெரியாவிட்டால் மூக்கு உடையும்.

எனக்கு இந்தப் பயிற்சியில் அவ்வளவு பிரியம் கிடையாது. இளம் வயதில் நான் பாக்ஸிங் போட்டவன். அடி என்றால் பட வேண்டும். "இது இன்னா மாஸ்டர், கண்ணாடி முன்னால தலைவார்ற மாதிரி" என்று கிண்டல் செய்வேன். "வந்து நில்லுண்ணா" என்பாள். நிற்பேன். அவள் கை வந்து நிற்கும். என் புருவ முடி அசையும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்குக் கிண்டல் வராது. அவள் போன பிறகு, பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது காற்று திடீரென்று முகத்தில் அடித்தால் கண்ணை மூடாமல் இருக்கிறேன். மூடினால் அவள் கோபித்துக்கொள்வாள் என்று இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் கண்ணில் தூசி விழுந்துவிட்டதா என்று கேட்கிறார்.

தினேஷை அவள் சேர்த்துக்கொண்டபோது நாங்கள் நன்றாகவே சண்டை போட்டோம். உள்ளூர்ப் பையன். அப்பாவின் நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது, மகன் அதே பேட்டையில் கான்ட்ராக்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் ஏதோ சொன்னார் என்று சட்டையைப் பிடித்து வேலையைத் தொலைத்தவன். டீக்கடையில் அவன் வந்தால் மற்றவர்கள் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். "இவனுக்குச் சொல்லிக் குடுத்தா ஊரையே அடிப்பான்" என்றேன். "சொல்லிக் குடுக்காமயே அடிச்சிகினு தான இருக்கான்? அத வுட கெட்டுப் போயிட மாட்டான்ணா" என்றாள் மேரி.

அவனுக்கு அவள் முதலில் குத்தவே சொல்லிக் கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எதிரே மண்டியிட்டு நிற்க வைத்தாள். பிள்ளைகள் குத்துவார்கள், அவன் காற்று வந்ததா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. பிள்ளைகளுக்கு நிறுத்த வராது. பாதிக் குத்து அவன் முகத்தில் பட்டது. "பட்டுச்சு" என்று சொல்வான், பல்லைக் கடித்துக்கொண்டு. அப்படிச் சொன்னால் மேரி ஒத்துக்கொள்ள மாட்டாள். "அப்படிச் சொன்னா கொழந்தைக்கு எவ்ளோ தூரம்னு எப்படித் தெரியும்? பொறுமையா சொல்லு. அதுக்கு நீதான் மாஸ்டர்." ஒரு நாள் ஒரு சிறுமியின் குத்தில் அவன் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவன் கை மேலே போய்விட்டது. நான் பாய்ந்து பிடிக்கத் தயாரானேன். அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு இறங்கி வாயைத் துடைத்துக்கொண்டது. "பட்டுச்சு பாப்பா. இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்து" என்றான். மேரி என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் 'பாத்தியா' என்று கேட்டிருப்பாள், எனக்கும் எரிச்சலாக இருந்திருக்கும்.

ஆனால் அவளுடைய பாடம் ஒரு தடவை தப்பாகப் போனது. அதையும் சொல்லாமல் விட்டால் இது அஞ்சலி இல்லை, போஸ்டர். கலைவாணி விழுப்புரம் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறாள். கம்பெனி பஸ்ஸுக்காகத் தனியாக நின்றிருந்தபோது பைக்கில் வந்த ஒருவன் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். அவள் குத்தினாள், நல்ல குத்து. வகுப்பிலேயே அவளுக்குத்தான் வேகம் அதிகம். அந்தக் கை அவன் மூக்குக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. பழக்கதோஷம். அவன் ஒரு நிமிஷம் திகைத்தான், பிறகு சிரித்தான், நின்ற கையைப் பிடித்து முறுக்கினான். நல்ல வேளையாகக் கம்பெனி பஸ் வந்துவிட்டது. மணிக்கட்டில் கட்டோடு வகுப்புக்கு வந்தவள் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. "எனக்கே தெரியலக்கா. நான் நிறுத்தல. அதுவா நின்னுடுச்சு."

நான் மேரியைச் சும்மா விடவில்லை. "அடக்கம் அடக்கம்னு சொல்லி பொண்ணு கையக் கட்டிப்போட்டுட்ட" என்றேன். பிள்ளைகள் முன்னாலேயே சொன்னேன். அவள் முகம் வெளுத்துப் போனது. அடுத்த வாரம் ஷெட்டின் இரும்பு விட்டத்தில் அரிசிக் கோணிகள் தொங்கின. உள்ளே பழைய துணியும் கம்பெனியில் கழித்துப்போட்ட ஃபோமும். கலைவாணியின் கை சரியாகும் வரை காத்திருந்து, கோணிக்கு முன்னால் நிறுத்தினாள். "இத அடி. நிக்காத." அடுத்து என்னை நிறுத்தினாள். "இவர அடி. நில்லு." மறுபடியும் கோணி, மறுபடியும் நான். கலைவாணி குழம்பிப்போய் ஒரு தடவை என் தாடையிலேயே விட்டாள். எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது, மேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள். "கை தானா நிக்கறது அடக்கம் இல்ல கலை. அது வேற ஒருவிதமான பயம். நிக்கறதா போறதான்னு ஒவ்வொரு தடவையும் நீ சொல்லணும். கை சொல்லக் கூடாது."

அவளுக்குக் கோபமே வராது என்று சிலர் சொல்கிறார்கள். அவளை அவர்களுக்குத் தெரியாது. லைனில் டார்கெட் குறைந்தால் எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்குவாள். வாங்கிக்கொண்டு லைனைத் திரும்ப ஓட்டுவாள். மாலையில் ஷெட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் கோணியை அடிப்பாள். விட்டத்திலிருந்து துரு கொட்டும். "எனக்கு வர்ற கோவத்துக்கு இந்த ஷெட்டு தாங்காதுண்ணா. அதான் கூறு போட்டுச் செலவு பண்றேன்" என்பாள்.

இனி அந்தக் காலை. லாரிகளைத் தாண்டி நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் சாலையை அடைத்திருந்தது. சர்வீஸ் ரோட்டிலிருந்து எங்கள் ஷெட்டுக்குத் திரும்பும் இடம். அவள் ஸ்கூட்டி கன்டெய்னர் லாரியின் சக்கரத்துக்குக் கீழே இருந்தது. அவள் கொஞ்சம் தள்ளி, முகத்தின் மேல் வெள்ளை கராத்தே கோட்டு போர்த்தியிருந்தது. கலைவாணியின் கோட்டு. கால் மட்டும் வெளியே தெரிந்தது. ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை, வந்தும் பயனில்லை என்று யாரோ சொன்னார்கள். தப்பு யார் பக்கம், அவள் பார்க்காமல் திரும்பினாளா, லாரி டிரைவர் ஹாரன் அடித்தாரா என்பதெல்லாம் கேஸில் தெரியட்டும். எனக்கு அன்று அது தேவைப்படவில்லை.

எங்கள் சாலையில் விபத்து நடந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். டிரைவர் ஓடிவிடுவார், அல்லது மாட்டிக்கொண்டு அடி வாங்குவார். அன்றைக்கு டிரைவர் ஓடவில்லை. வடக்கேயிருந்து வந்தவர், என் வயதிருக்கும். லாரிப் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் பிள்ளைகள் அரைவட்டமாக நின்றிருந்தார்கள். வெள்ளை டிரஸ்ஸோடு, வகுப்புக்கு வந்த கோலத்திலேயே. நடுவில் தினேஷ். கூட்டம் அவர்களை நெருக்கியது. "ஒங்க மாஸ்டரக் கொன்னவனுக்கே காவலாடா? வெக்கமா இல்ல?" என்று ஒருவர் கத்தினார். யாரோ தண்ணீர் பாட்டிலை எறிந்தார்கள், அது கலைவாணியின் தோளில் பட்டது. அவள் நகரவில்லை.

எனக்கும் அதே கேள்விதான். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். பிள்ளைகள் எனக்கு வழி விடுவார்கள் என்று நினைத்துப் போனேன். சின்னவர்கள் விலகினார்கள், தினேஷ் விலகவில்லை. "தள்ளுடா" என்றேன். "வேணாம் மாஸ்டர்." "என் மேரிடா அது" என்று கத்தியது நான்தான், ஆனால் என் குரல் மாதிரி இல்லை. அவனைத் தாண்டி டிரைவரின் முகத்துக்கு நேராக என் கை போனது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தும் எண்ணமே இல்லை. தினேஷ்தான் என் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த பிடியில் எலும்பு வலித்தது. "அவரு அழுவுறாரு மாஸ்டர். பாருங்க. அழுவுறாரு" என்றான். பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடிக்குக் காத்திருந்த முகம். போலீஸ் வந்து அவரை ஜீப்பில் ஏற்றும் வரை தினேஷ் என் கையை விடவில்லை.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அவரை அடித்திருக்க வேண்டும் என்று ஒரு சமயம் இருக்கிறது. அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து ஒரு சமயம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். சாப்பிடும்போது வலது கை தட்டின் மேல் அப்படியே நின்றுவிடுகிறது, என் மனைவி பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்புகிறேன். ஷெட்டுப் பக்கம் போகவே பயமாக இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே யாரோ மூச்சு விட்டுக் குத்துகிற சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். தகரத்தில் காற்று என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவளுடைய முப்பதாம் நாள் பூசை நெருங்கியபோது, வருகிறவர்கள் ஷெட்டையும் பார்க்கக் கேட்பார்கள் என்று ஒரு காலை கூட்டிவைக்கப் போனேன். தினேஷ் வாசலில் பைக் மேல் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு துணிக்கடைக் கவர், அதற்குள் அவன் டிரஸ்ஸும் பெல்ட்டும் மடித்து வைத்திருந்தது.

"இத நீங்களே வச்சிக்கோங்க மாஸ்டர். நான் இனிமே வர்ல."

"இன்னாடா ஆச்சு?"

"ஊர்ல இன்னா பேசிகினு கீறாங்க தெரியுமா? தினேஷு மனுஷன் ஆயிட்டான், மேரி அக்கா அப்டி ஆக்கி வுட்டாங்கன்னு. இப்ப வேலை செய்ற கம்பெனில கூப்ட்டு கை குடுக்கறாங்க. எங்கம்மா போறவங்க வர்றவங்களாண்ட எல்லாம் சொல்லிகினு கீது. எல்லாம் பொய் மாஸ்டர்."

எது பொய் என்று கேட்டேன். அவன் கீழே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் அடிக்கத்தான் ஓடுனேன். கையில கல்லு எட்த்துகினேன். டோரத் தொறந்து அவர இஸ்த்து கீழ வுட்டேன். ஓங்கிகினு திரும்பிப் பாக்கறேன், அக்கா கண்ணு தொறந்து கீது. உசுரு கீது மாஸ்டர். பேச முடியல. என்னியே பாத்துகினு கீறாங்க. அந்தக் கண்ணு முன்னால எப்டி அடிக்கறது? கல்லப் போட்டேன். அவ்ளோதான். அக்கா பாக்கலன்னா அந்தாளு அங்கயே செத்திருப்பாரு. நான் அடங்குனது எல்லாம் அக்கா பாக்கறாங்கன்னுதான். இப்ப யாரு பாக்கப் போறாங்க?"

துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். அப்படியென்றால் இத்தனை வருஷம் அவள் செய்தது இவ்வளவுதானா? இத்தனை பிள்ளைகளும் ஒருத்தியின் கண்ணுக்குப் பயந்துதான் கையை இறக்கினார்களா? அவளுக்காக எனக்கு அழுகை வந்தது. கல்லறையில் கூட அப்படி வரவில்லை. பாதி ஷெட்டைக் கூட்டிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது. துடைப்பத்தோடேயே வாசலுக்கு வந்தேன்.

"தினேஷ், நான் வந்தப்ப அக்கா முகத்து மேல இன்னா இருந்துச்சு?"

"கலையோட கோட்டு."

"கண்ணு தெரிஞ்சுதா?"

"இல்ல. அதுக்கு முன்னாலயே போயிட்டாங்க மாஸ்டர். நான்தான் கண்ண மூடி வுட்டேன்."

"அப்ப அக்கா உன்னப் பாக்கல. கூட்டம் பூரா அடிங்குது. நான் உனக்கு மாஸ்டர், நானே அடிக்க வர்றேன். நீ ஏன் என் கையப் புடிச்ச?"

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி போனது, அது போய் முடியும் வரை காத்திருந்தான். பிறகு, கணக்குப் பாடத்தில் மாட்டிக்கொண்ட பையனைப் போல என்னைப் பார்த்தான்.

"தெர்ல மாஸ்டர்."

நான் துடைப்பத்தை அவனிடம் கொடுத்தேன். மீதி ஷெட்டை அவன் கூட்டினான்.

மேரியின் பிளாக் பெல்ட் அவளோடு மண்ணுக்குள் போய்விட்டது. அவளுடைய போட்டோ எதுவும் என்னிடம் இல்லை, அவள் எடுக்க விட்டதில்லை. எனக்கென்று அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, அவளைப் புதைத்த பிறகு அவள் மாணவன் எனக்குச் சொன்ன அந்தப் பதில் ஒன்றுதான். அவள் பார்க்காதபோது தன் கையை நல்லதுக்கு நீட்டியவனுக்கு ஏன் நீட்டினோம் என்று தெரியவில்லை. எனக்கும் தெரியாது. தெரிந்தவள் இப்போது இல்லை, ஆனால் அவள் சொல்லிக் கொடுத்தது அவளோடு போய்விடவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு உண்டு. பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.